குலுங்கினால் ஜவ்வரிசி, குலுங்கக் கூடாதது பேரிங்: தெரியுமா?

பாயசத்தில் மிதக்கிற ஜவ்வரிசியை யாரும் உருட்டிச் செய்யவில்லை, தெரியுமா? லட்டு போலப் பிடித்ததும் இல்லை, அச்சில் வார்த்ததும் இல்லை. ஈரப்பதம் சரியாக இருக்கிற மரவள்ளி மாவைக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினால் போதும். துகளோடு துகள் ஒட்டி, புரண்டு, திரண்டு, தானாகவே முத்தாகிவிடும்! முன்பெல்லாம் தொட்டில் மாதிரி துணி கட்டி, அதில் மாவைக் கொட்டி ஆட்டினார்கள். பிறகு அந்தத் தொட்டிலை மோட்டார் ஆட்டத் தொடங்கியது. ஆக, சேலம் ஜவ்வரிசி முழுக்க முழுக்க அதிர்வு பெற்ற பிள்ளை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

ஜவ்வரிசி குலுங்குகிற அதே கொட்டகையில் பத்தடி தள்ளிக் கிழங்கு அரைக்கிற டிரம் இருக்கிறது. அதன் மோட்டாரில் இந்தக் குலுக்கலில் நூறில் ஒரு பங்கு வந்தாலும் பிட்டர் ஓடி வருவார். "பேரிங் கத்துதுங்க, நிறுத்துங்க!" ஒரே கூரையின் கீழ் ஒரு ஆட்டத்துக்குச் சம்பளம், இன்னொரு ஆட்டத்துக்குத் தண்டனை. எது நல்ல ஆட்டம், எது கெட்ட ஆட்டம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் அதிர்வுக் கண்காணிப்பு. அதன் கதையில் வருகிற திருப்பங்களோ சேலத்துப் பாலையும் நாமக்கல் முட்டையையும் அணுகுண்டையும் மிருதங்கத்தையும் ஒரே இலையில் பரிமாறுகின்றன!

முதலில் ஒரு ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1943. இரண்டாம் உலகப் போரில் மலாயாப் பக்கத்திலிருந்து சேகோ வரத்து நின்றுபோயிருந்தது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய முனைந்தார்கள். (அசல் சேகோ ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து வருவது, 'ஜாவா அரிசி'தான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள்.) வெங்கடாசலக் கவுண்டர் என்ற கெட்டிக்கார மெக்கானிக் இயந்திரங்களைச் செப்பனிட்டுக் கொடுத்த பிறகுதான் தொழில் சூடு பிடித்தது. அதே 1943-ல், ஏழு கடல் தாண்டி டென்மார்க்கில், புரூயல், கியேர் என்ற இரண்டு பொறியாளர்களின் புத்தம் புதிய நிறுவனம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? இயந்திரத்தின் மேல் ஒட்டி அதன் நடுக்கத்தை மின்சாரமாக மாற்றித் தருகிற படிக அதிர்வுமானியை! சேலத்துக் குலுக்கலும் அதை அளக்கிற கருவியும் ஒரே ஆண்டுக்காரர்கள். ஒன்றை ஒன்று சந்திக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பது வேறு விஷயம்.

அந்தப் படிகம் எது என்று கேட்டால் இன்னும் வேடிக்கை. ரோஷெல் உப்பு! திராட்சை மது ஊறுகிற பீப்பாயின் அடியில் படிகிற வண்டலிலிருந்து எடுக்கப்படுவது அது. பான ஆலையின் கழிவு, ஆலை இயந்திரங்களுக்கே நாடி பார்க்கிற விரலாகிவிட்டது. 1880-ல் பிரான்சின் கியூரி சகோதரர்கள், ஜாக்கும் பியரும், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டுபிடித்தபோது சோதித்த பொருள்களில் குவார்ட்ஸ் இருந்தது, ரோஷெல் உப்பு இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது: கரும்புச் சர்க்கரை! ஆமாம், மோகனூர் கூட்டுறவு ஆலையிலும் ஓடப்பள்ளி ஆலையிலும் மூட்டை மூட்டையாக வெளியேறுகிற அதே சர்க்கரையின் ஒவ்வொரு படிகமும் அழுத்தினால் துளி மின்சாரம் தரும். உங்கள் வீட்டுக் கேஸ் லைட்டர் 'டக்' என்று பொறி விடுவதும் இதே தத்துவம்தான்.

சரி, எவ்வளவு ஆடினால் ஆபத்து?

ஆலைகளில் சாதாரணமாகக் காணப்படுகிற மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. ஒரு நாள் முழுக்க ஓடினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 சுற்று! ஆட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பதைவிட, நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் ஆடுகிறது என்று அளப்பதே வழக்கம். 15 முதல் 75 கிலோவாட் வரையிலான நடுத்தர இயந்திரத்துக்குச் சர்வதேசத் தர ஆவணம் ஐஎஸ்ஓ 10816 கொடுத்த கணக்கு: 2.8 வரை ஓட்டலாம், அதைத் தாண்டினால் கவனம், 7.1-ஐத் தாண்டினால் நிறுத்து. இந்த 7.1 கண்ணுக்கு எவ்வளவு தெரியும்? 1440 சுற்று ஓட்டத்தில் மோட்டார் இப்படியும் அப்படியும் நகர்கிற மொத்தத் தூரம் ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர். எழுதுகிற தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகம்! 'ஓட்டலாம்' என்கிற 2.8-ல் அது ஒரு தலைமுடி அகலம்கூட இல்லை. முடிக்கும் தாளுக்கும் நடுவில் ஊசலாடுகிறது ஓர் ஆலையின் விதி.

இந்த எல்லைக்கோட்டை முதலில் வரைந்தவர் இயந்திரம் செய்தவரும் இல்லை, ஓட்டியவரும் இல்லை. காப்பீட்டுக்காரர்! 1939-ல் நியூயார்க்கின் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ராத்போன், எந்த அளவு நடுங்கினால் நல்லது, எந்த அளவு நடுங்கினால் கவலை என்று ஒரு வரைபடம் போட்டார். உடைந்தால் பணம் கொடுக்க வேண்டியவர் கையில்தான் அளவுகோல் முதலில் பிறக்கும் போலிருக்கிறது.

இப்போது நாமக்கல் பக்கம் போவோம். முட்டைக்குப் பின்னால் கோழி, கோழிக்குப் பின்னால் தீவனம், தீவனத்துக்குப் பின்னால் மக்காச்சோளத்தை அடித்து நொறுக்குகிற சுத்தி ஆலை. சுழல்கிற தண்டில் இரும்புச் சுத்திகள் தொங்கும். அடித்து அடித்துத் தேயும். ஒரு பக்கச் சுத்தி எதிர்ப்பக்கத்தைவிட வெறும் 10 கிராம் அதிகமாகத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களின் எடைகூட இல்லை. மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 2880 சுற்றில், அந்த 10 கிராம் எவ்வளவு பலத்தோடு இழுக்கும் தெரியுமா? சுமார் 28 கிலோ! ஒரு மூட்டைச் சிமென்ட்டில் பாதிக்கு மேல், நொடிக்கு 48 முறை, திசை மாற்றி மாற்றிப் பேரிங்கை உலுக்கும். சுற்று பாதியானால் பலம் பாதியாகாது, கால்வாசியாகும். வேகத்தின் இருமடி கணக்கு அது. அதனால்தான் விவரம் தெரிந்த மேஸ்திரிகள் சுத்திகளை எடை போட்டு, சமமானவற்றை எதிரெதிராக ஜோடி சேர்த்து மாட்டுகிறார்கள்.

இதில் பேரிங்குக்கு இன்னொரு கொடுமை உண்டு. குண்டு பேரிங்கின் மேல் சுமையை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? இல்லை, எட்டில் ஒன்றாகும்! பெல்ட் நழுவுகிறது என்று ஆத்திரத்தில் முறுக்கி முறுக்கி இறுக்குகிறவர்கள் இந்த ஒரு வரியை மோட்டார் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கலாம்.

லாரிக்காரர்களுக்கு இதெல்லாம் பால பாடம். சக்கர விளிம்பில் சின்ன ஈயத் துண்டு வைத்து ஆட்டத்தை நிறுத்துகிறார்களே, அதுவும் அந்த எடைச் சமன் கணக்குதான். எடை வைத்து அதிர்வைத் திருத்துகிற வித்தை நமக்கு அதைவிடப் பழசு: மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள் அல்லவா? தோலின் மேல் எடை கூட்டி அதன் துடிப்பைக் கீழே இறக்குகிற வேலை அது. வலது பக்கக் கருப்புச் சோறு தோலின் ஓசைகளை எப்படி ஒழுங்குபடுத்திச் சுருதி சேர வைக்கிறது என்று 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்களில் ஒருவர் சி.வி. ராமன்! பின்னாளில் நோபல் வாங்கியது ஒளிக்காக. அதற்கு முன்பே மத்தளத்தின் அதிர்வில் கைவைத்திருந்தார் மனிதர்.

பேரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணில் ஒரு ரகசியம் இருக்கிறது, கவனித்ததுண்டா? 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 05 பெருக்கல் 5, 25. உள் துளை 25 மில்லிமீட்டர்! 6206 என்றால் 30. (04-லிருந்து மேலே இந்தக் கணக்கு பொருந்தும்.) உலகத்தில் எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் இதே எண், இதே அளவு.

அந்த 6205-க்குள் 9 குண்டுகள். வெளி வளையத்தில் கடுகளவு குழி விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது 'டிக்' என்று ஒரு சிறு அடி. தண்டு ஒரு முறை சுற்றுவதற்குள் அப்படி 3.585 அடிகள். உள் வளையத்தில் குழி என்றால் 5.415. ஆக 1440 சுற்று மோட்டாரில் நொடிக்கு 86 துடிப்பு கேட்டால் வெளி வளையம். 130 கேட்டால் உள் வளையம். பேரிங்கைக் கழற்றவே வேண்டாம்! 24-ல் துடித்தால் எடைச் சமன் கெட்டிருக்கலாம். 48-ல் ஓங்கி அடித்தால் மோட்டார் தண்டும் பம்புத் தண்டும் நேர்கோட்டில் இல்லையோ என்று சந்தேகிக்க வேண்டும். சரியாக 100-ல் ரீங்காரமிட்டால் மின்சாரச் சேட்டை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, காந்தம் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை இழுக்கும். கருவியே இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு: ஸ்விட்சை அணையுங்கள். ஆட்டம் அந்தக் கணமே நின்றால் கோளாறு மின்சாரத்தில்; சுற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல அடங்கினால் இரும்பில்.

ஆனால் ஓடுகிற மோட்டாரில் 24, 48, 86, 100 எல்லாம் கலந்துகட்டி ஒரே இரைச்சலாகத்தானே வரும்? சாமி ஊர்வலத்தில் தவிலும் நாதஸ்வரமும் தாளமும் சேர்ந்து ஒலித்தாலும் காது தனித்தனியாகப் பிரித்து விடுகிறதே, அதைக் கணினிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கணக்கின் வேர், வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று 1822-ல் புத்தகம் எழுதிய ஃபூரியே. ஆனால் அதைக் கையால் போட்டால் ஆயுசு போதாது. 1960-களின் தொடக்கம். அமெரிக்க அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசகர்கள் கூடுகிறார்கள். சோவியத் யூனியன் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நில அதிர்வுப் பதிவுகளை மின்னல் வேகத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும்! அந்தத் தேவையிலிருந்து டூக்கி என்ற கணிதவியலாளரின் மனதில் ஒரு குறுக்குவழி உதித்தது. கூலி என்ற இன்னொருவரோடு சேர்ந்து 1965-ல் வெளியிட்டார். அணுகுண்டைப் பிடிக்கச் செய்த வலையில்தான் இன்று மாவுப்பால் பம்பின் பேரிங் குழி மாட்டுகிறது! இந்த இருவருக்கும் முன்பே, 1805 வாக்கில், கணித மேதை காஸ் அதே வழியைக் கண்டு காகிதத்தில் எழுதி மூடி வைத்துவிட்டார் என்பது பிற்பாடு தெரியவந்த கூத்து.

பாலுக்கு வருவோம். சேலத்தில் சித்தனூர் ஆவின் பண்ணையைத் தெரியாதவர் உண்டா? எந்தப் பால் பண்ணையானாலும் பாலையும் பாலாடையையும் பிரிக்கிற மையவிலக்கு இயந்திரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் பறக்கும். 1878-ல் இதைச் செய்துகாட்டிய சுவீடன்காரர் டி லவால், அதை ஓட்டுவதற்கென்றே நீராவிச் சுழலி ஒன்றையும் உருவாக்கினார்: நிமிடத்துக்கு 30,000 சுற்று! அவ்வளவு வேகத்தில் எந்தத் தண்டும் வளைந்து உடைந்துவிடும் என்று பெரும் அறிஞர் ரேங்கின் 1869-லேயே எழுதி வைத்திருந்தார். எல்லோரும் தண்டைத் தடிமனாக்கப் பார்க்க, டி லவால் தலைகீழாக யோசித்தார். தண்டை மெல்லியதாக, வளைகிற மாதிரி செய்தார்! குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அது பயங்கரமாக ஆடியது. அந்த வேகத்தைத் தாண்டியதும் அடங்கி, தன் எடை மையத்தைத் தானே கண்டுபிடித்து அமைதியாகச் சுற்றியது. நம்ப முடியவில்லையா? உங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கும்போது கவனியுங்கள். நடு வேகத்தில் தடதடவென்று ஆடும், முழு வேகம் வந்ததும் சாதுவாகிவிடும். நிறுத்தும்போது அதே இடத்தில் மறுபடி ஒரு முறை தடதடக்கும். இது ஏன் என்ற கணக்கை ஜெர்மனியின் ஃபோப்பல் 1895-ல் போட்டார், அயர்லாந்தின் ஜெஃப்காட் 1919-ல் தெளிவாக்கினார். பால் கடைகிறவர் முதலில் செய்துவிட்டார், பேராசிரியர்கள் பிறகு புரிந்துகொண்டார்கள்.

கொஞ்சம் பயமுறுத்தட்டுமா?

மாவு வெடிக்கும். மூட்டையில் இருக்கிற மாவு இல்லை. காற்றில் புகைமூட்டமாகப் பறக்கிற மாவு. 1785-ல் இத்தாலியின் டூரின் நகரத்து மாவுக் கிடங்கு வெடித்ததுதான் பதிவான மிகப் பழைய தூசி வெடிப்புகளில் ஒன்று. 1878-ல் அமெரிக்காவின் மினியாபோலிசில் வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். அதெல்லாம் பழங்கதை என்கிறீர்களா? 2008 பிப்ரவரி 7, ஜார்ஜியா மாநிலத்துச் சர்க்கரை ஆலை. 14 உயிர்கள். விசாரணை செய்த அரசு வாரியம் சுட்டிய தீப்பொறி எது தெரியுமா? மூடப்பட்ட கன்வேயர் பெல்ட்டுக்குள் சூடேறிப்போன ஒரு பேரிங்காக இருக்கலாம் என்று! சர்க்கரைத் தூசி வெளியே போக வழியில்லாமல் கூண்டுக்குள் சேர்ந்திருந்தது. ஸ்டார்ச், தீவனம், சர்க்கரை மூன்றும் அரைபடுகிற நம் சமவெளியில், "பேரிங் சூடா இருக்குதுங்க" என்ற வார்த்தையை டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. சூடு என்பது கடைசிக் கட்டத் தந்தி. அதற்கு வெகுநாள் முன்பே காதுக்கு எட்டாத கீச்சொலி, பிறகு அதிர்வு என்று பேரிங் கடிதம் மேல் கடிதம் போட்டிருக்கும்.

கருவிக்காரர்கள் கையை ஏளனம் செய்யக் கூடாது. மனித உள்ளங்கைக்குள் இருக்கிற சில நரம்பு முனைகள் நொடிக்கு 250 துடிப்பு அளவில் மிகக் கூர்மையானவை. மைக்ரானுக்கும் குறைவான நடுக்கத்தை உணரும். ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பேரிங் வீட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்கிற நம் பிட்டரும், 1816-ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டு ஸ்டெதஸ்கோப்புக்கு வழிகாட்டிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான். பம்புக்குள் ஜல்லிக்கல் உருளுகிற மாதிரி கேட்டால், கல் எதுவும் இருக்காது. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழாகி, குமிழ்கள் நசுங்கி வெடிக்கிற சத்தம் அது. அந்தக் குமிழ் எஃகையே அரித்துத் தின்னும்!

கையின் குறை ஒன்றுதான். நேற்றைய ஆட்டம் எவ்வளவு என்று அதற்கு ஞாபகம் இருக்காது. அதற்கு உங்கள் சட்டைப் பையில் ஆள் இருக்கிறது. போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதைச் செய்வது சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடையும் சுருளும். காரின் காற்றுப்பை எப்போது விரிய வேண்டும் என்று சொல்வதற்காக 1990-களின் தொடக்கத்தில் பரவலான சரக்கு. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை இறக்கி, மோட்டாரின் ஆடாத உடம்பில் (சுழலும் பாகத்துக்கு எட்ட!) போனை நன்றாக ஒட்டினால், 24-ல் ஒரு முகடு எழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் நொடிக்கு 100 முறை அளக்கிற போன் 50 துடிப்புக்கு மேல் உண்மை பேசாது. சினிமாவில் கார்ச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியுமே, அந்த மாதிரி பொய் சொல்லும். பேரிங் குழியைப் பிடிக்க அசல் கருவிதான் வேண்டும்.

உணவு ஆலையில் கருவிக்கும் கஷ்டம்தான். தினமும் சுடுதண்ணீர், காரம், அமிலம் என்று கழுவித் தள்ளுவார்கள். சென்சாருக்குத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டை வேண்டும். தவறி உணவில் பட்டாலும் தீங்கு செய்யாத கிரீஸ் என்றே தனி வகை உண்டு, தெரியுமா? எச்1 என்று டப்பாவில் போட்டிருக்கும். தண்ணீர் புகுந்து பேரிங் செத்துப்போவது இங்கே அன்றாடம்.

"அதுதான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பேரிங் மாற்றிவிடுகிறோமே" என்பீர்கள். 1978-ல் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் வெளியிட்ட ஆய்வு தூக்கிவாரிப் போட்டது: விமானப் பாகங்களில் வயதாகித் தேய்ந்து கெடுகிற போக்கு காட்டியவை வெறும் 11 சதவீதம்! 68 சதவீதம் புதிதாக மாட்டிய தொடக்கத்தில்தான் அதிகம் கெட்டன. விமானமும் சேகோ ஆலையும் ஒன்றல்லதான். என்றாலும் நன்றாக ஓடுகிற பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிப் புதிதைச் சுத்தியலால் தட்டி ஏற்றுகிற எல்லா இடத்துக்கும் அந்த ஆய்வு பொருந்தும் என்பது என் கட்சி.

முட்டையை மறக்கவில்லை. வெளிநாடுகளின் பெரிய தரம்பிரிக்கும் இயந்திரங்களில் ஒவ்வொரு முட்டையையும் குட்டிச் சுத்தியால் மெல்லத் தட்டி, எழுகிற அதிர்வைக் கணினி கேட்கிறது! முழு ஓடு கணீரென்று பதில் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தது மந்தமாக முனகும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கிய அப்பத்தாவிடம் இதைச் சொன்னால், "இதுக்கு மெஷினாக்கும்?" என்றுதான் கேட்பார்.

கடைசியாக, நான் முதலில் நம்ப மறுத்த ஒன்று. ஓடாத மோட்டாரும் கெடும்! சேகோ ஆலையில் ஒரு பம்பு ஓடும், பக்கத்திலேயே இன்னொன்று 'ஸ்பேர்' என்று சும்மா நிற்கும். ஓடுகிறதன் அதிர்வு தரை வழியே வந்து நிற்கிறதன் குண்டுகளை ஒரே இடத்தில் வைத்து நுணுக்கமாகத் தேய்க்கும். குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவிலிருந்த கிரீஸ் விலகிவிடும். நாட்கணக்கில் இப்படியே நின்றால் குண்டுகளின் இடைவெளியை அளந்து வைத்த மாதிரி வரிசையாகப் பள்ளங்கள்! புதுப் பேரிங், ஒரு நிமிடம்கூட ஓடாதது, ஸ்விட்ச் போட்டதும் கத்தும். எஃகின் கடினத்தை அளக்கக் குண்டை அழுத்திக் குழி பார்த்த சுவீடனின் பிரினெல் பெயரால் இதைப் 'பொய்ப் பிரினெல் குழி' என்கிறார்கள். மருந்து? காசு செலவில்லாதது. கிழங்கு வரத்து நின்று ஆலை ஓய்ந்த மாதங்களிலும் சில ஆலைகளில் வயதான பிட்டர் ஒருவர் வாரம் ஒரு முறை வந்து, ஒவ்வொரு மோட்டார்த் தண்டையும் கையால் ஒன்றேகால் சுற்று திருப்பி, புதிய இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டுப் போகிறார்.